திருக்காட்சிப் பெருவிழா மூவரசர் திருநாள் மட்டும்தானா?

“கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடி முடித்த பிறகு எதற்காக இன்னொரு பெருவிழா? மூன்று அரசர்கள் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவந்ததை நினைவுகூர்வதற்கு மேல், திருக்காட்சிப் பெருவிழாவுக்குக் கத்தோலிக்கரின் விசுவாசத்திலும் செபத்திலும் வழிபாட்டிலும் என்ன பொருள் இருக்கிறது?” என்பது கேள்வி. டிசம்பர் 25 தலைவிழா, சனவரி 6 அதன் வால் என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. வரலாறும் அப்படிச் சொல்லவில்லை, திருவழிபாட்டு நூல்களும் அப்படிச் சொல்லவில்லை. மீட்பர் பிறந்தார் என்பது செய்தி. பிறந்தவர் யார், யாருக்கென்று பிறந்தார், அவர் முன்னிலையில் மனிதர் செய்யத்தக்கது என்ன என்ற கேள்விகள் அந்தச் செய்திக்குப் பிறகுதான் எழுகின்றன. அவற்றுக்குரிய விழா இது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘திருக்காட்சி’ என்பதற்கு மூலமான ‘எப்பிபானெயா’ என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தோன்றுதல், வெளிப்படுதல் என்று பொருள். ஒரு தெய்வம் தன்னை வெளிப்படுத்துவதையும், அரசர் ஒருவர் நகருக்கு ஆடம்பரமாக எழுந்தருள்வதையும் அன்றைய உலகம் இந்தச் சொல்லால் குறித்தது. யூதர்களைக் கொடுமைப்படுத்திய அந்தியோக்கு மன்னன் ‘எப்பிபான்’ என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டது, தன்னையே தோன்றிய தெய்வமாகக் காட்டிக்கொள்வதற்காகத்தான். அந்தச் சொல்லைப் புதிய ஏற்பாடு எடுத்து, அரண்மனையில்லாமல் பிறந்த ஒருவருக்குச் சூட்டியது. திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் கிறிஸ்துவின் முதல் வருகையை இந்தச் சொல்லால் குறிக்கிறது. தீத்துவுக்கு எழுதிய திருமுகம் அவர் மாட்சியோடு வரவிருக்கும் நாளையும் இதே சொல்லால் குறிக்கிறது. ஆகவே விழாவின் பெயரே கடந்ததையும் வரவிருப்பதையும் ஒருசேரச் சுட்டுகிறது. பேச்சுவழக்கில் நாம் இதை ‘மூவரசர் திருநாள்’ என்கிறோம். அதில் தவறில்லை, ஆனால் அப்படிச் சொல்லும்போது விழாவின் நாயகர்கள் வந்தவர்களாகிவிடுகிறார்கள், காட்சி தந்தவர் பின்னுக்குப் போய்விடுகிறார். ‘ஆண்டவருடைய திருக்காட்சி’ என்று திருவழிபாட்டு நூல் முழுப்பெயரோடு எழுதுவது இதனால்தான்.

வந்தவர்களைப் பற்றி மத்தேயு நற்செய்தி சொல்வது மிகக் குறைவு. கிழக்கிலிருந்து ‘ஞானிகள்’ வந்தார்கள் என்கிறது. மூவர் என்றோ, அரசர்கள் என்றோ சொல்லவில்லை, பெயர்களும் தரவில்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் கொண்டுவந்தவர்களும் மூவர் என்று பிற்காலத்தார் கொண்டார்கள். உம் ஒளியை நோக்கி மன்னர்கள் நடைபோடுவர் என்ற எசாயா 60ஆம் அதிகாரத்தையும், மன்னர்கள் காணிக்கை கொண்டுவருவர் என்ற 72ஆம் திருப்பாடலையும் இந்த நிகழ்ச்சியோடு சேர்த்துப் படித்ததால் அவர்கள் அரசர்களானார்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களை இத்தாலியின் இரவென்னா நகரில் உள்ள 6ஆம் நூற்றாண்டுக் கோவில் ஒன்றின் கல்பதிப்புச் சித்திரத்தில் காணலாம். இதையெல்லாம் கட்டுக்கதை என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எசாயாவும் திருப்பாடலும் இன்றும் அதே நாள் திருப்பலியில் வாசிக்கப்படுகின்றன. நற்செய்தியைப் பழைய ஏற்பாட்டின் வெளிச்சத்தில் படிக்கும் பழக்கம்தான் ஞானிகளுக்கு முடிசூட்டியது. விசுவாசத்துக்கு அவர்களுடைய எண்ணிக்கை தேவையில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

விழாவின் வரலாறு இன்னும் சுவையானது. ஏறத்தாழ கி.பி. 200இல் எழுதிய அலெக்சாந்திரியா கிளமெந்து, பசிலிது என்ற போதகரைப் பின்பற்றிய ஒரு குழுவினர் சனவரியில் இயேசுவின் திருமுழுக்கு நாளைக் கொண்டாடியதைக் குறிப்பிடுகிறார். 361இல் யூலியன் பேரரசர், கிறிஸ்தவ விசுவாசத்தை உள்ளூரக் கைவிட்டுவிட்ட நிலையிலும், மக்களின் ஆதரவை இழக்காமல் இருக்க வியென் நகரில் இந்த விழாவன்று கோவிலுக்குப் போனார் என்று வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் எழுதியிருக்கிறார். அரசர் ஒருவர் வேடம்போட வேண்டிய அளவுக்கு அன்றே அது பெரிய விழா. கிழக்கில் சனவரி 6 ஆண்டவரின் திருமுழுக்கு விழாவாக நிலைபெற்றது. நீரை மந்திரிக்கும் சடங்கு அங்கே இன்றும் அந்நாளின் உயிர்நாடி. ஆர்மேனியத் திருத்தூதுத் திருச்சபை இன்றுவரை ஆண்டவரின் பிறப்பையும் திருமுழுக்கையும் அதே நாளில்தான் கொண்டாடுகிறது. உரோமைத் திருச்சபையில் ஞானிகளின் வருகை முதலிடம் பெற்றது. 5ஆம் நூற்றாண்டுத் திருத்தந்தையான பெரிய லியோ இந்த நாளுக்கென்று ஆற்றிய மறையுரைகள் எட்டு நம் கையில் இருக்கின்றன.

ஆனால் உரோமை மற்றவற்றை மறந்துவிடவில்லை. திருக்காட்சி மாலையில், திருச்சபையின் நாள்நேரச் செபமான திருப்புகழ்மாலையைச் செபிப்பவர்கள் மரியாவின் பாடலுக்கு முன் சொல்லும் முன்மொழியைக் கவனித்துப் பாருங்கள்: இன்று விண்மீன் ஞானிகளைத் தீவனத் தொட்டியிடம் அழைத்துவந்தது, இன்று திருமண விருந்தில் தண்ணீர் திராட்சை இரசமாயிற்று, இன்று கிறிஸ்து நம்மை மீட்பதற்காக யோர்தானில் திருமுழுக்குப் பெற விரும்பினார் என்று அது பாடுகிறது. ஒரே ‘இன்று’க்குள் மூன்று மறைபொருள்கள். ஞானிகளுக்கு அவர் அரசராகத் தெரிகிறார். யோர்தானில் தந்தையின் குரலால் மகனாக அறிவிக்கப்படுகிறார். கானா ஊர்த் திருமண விருந்தில் தம் மாட்சியைச் சீடர்களுக்குக் காட்டுகிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 528ஆம் எண்ணில், இயேசு இஸ்ரயேலின் மெசியாவாகவும் இறைமகனாகவும் உலக மீட்பராகவும் வெளிப்படுவதே திருக்காட்சி என்று இந்த மூன்றையும் இணைத்துத்தான் விளக்குகிறது. திருக்காட்சியை அடுத்து ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வருவதும், அதோடு கிறிஸ்து பிறப்புக் காலம் நிறைவடைவதும், மூன்று ஆண்டு வாசகச் சுழற்சியின் மூன்றாம் ஆண்டில் அதற்கடுத்த ஞாயிறு கானா நற்செய்தி வாசிக்கப்படுவதும் தற்செயல் அல்ல.

இனி விசுவாசத்துக்கு வருவோம். தமிழ் அளவை (தருக்க) நூல்கள் மனிதர் அறிவு பெறும் வழிகளுள் காட்சி, கருதல், உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றை முதன்மையாகச் சொல்லும். ஞானிகளின் பயணத்தில் இந்த மூன்றும் வரிசையாக வருகின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. விண்மீனைக் கண்டது காட்சி. ஓர் அரசர் பிறந்திருக்கிறார் என்று அதிலிருந்து உய்த்துணர்ந்தது கருதல். அந்த இரண்டும் அவர்களை எருசலேம் வரை கொண்டுவந்துவிடுகின்றன. ஆனால் எருசலேமில் குழந்தை இல்லை. அரசர் என்றால் அரண்மனையில்தான் பிறந்திருப்பார் என்று எண்ணி ஏரோது அரசனின் நகரத்துக்கு வந்து நிற்கிறார்கள். பெத்லகேம் என்ற பெயரை அவர்களுக்குத் தருவது மீக்கா இறைவாக்கினரின் உரை. படைப்பையும் பகுத்தறிவையும் கத்தோலிக்க மரபு ஒருபோதும் இழிவாகப் பேசியதில்லை. அவை கடவுளைத் தேடவைக்கும், நெடுந்தொலைவு நடக்கவும் வைக்கும். ஆயினும் வீட்டின் வாசலைக் காட்டுவது கடவுள் தாமே பேசிய சொல். பிற இனத்தார் இயேசுவைக் கண்டடைய வேண்டுமானால் யூத மக்கள் பெற்ற வாக்குறுதியின் வழியாகத்தான் வரவேண்டும் என்று மறைக்கல்வி நூல் இந்தப் பகுதியிலிருந்தே கற்பிக்கிறது. பழைய ஏற்பாடு நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியான மறுமொழி கிடையாது.

இந்த இடத்தில் ஒரு சிறு காட்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏரோது கூட்டிய அவையில் தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும் இருக்கிறார்கள். மெசியா எங்கே பிறப்பார் என்று கேட்டதும் விடை உடனே வருகிறது, வசனத்தையும் ஒப்பிக்கிறார்கள். எருசலேமிலிருந்து பெத்லகேம் 10 கிலோமீட்டர்கூட இல்லை, அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். நற்செய்தியில் அவர்களுள் ஒருவர்கூடப் போனதாகக் காணோம். வழியைக் காட்டிவிட்டுத் தாம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிடும் மைல்கற்களுக்குப் புனித அகுஸ்தினார் தம் மறையுரை ஒன்றில் அவர்களை ஒப்பிடுகிறார். மறைக்கல்வி வகுப்பெடுப்பவர்கள், மறையுரை ஆற்றுபவர்கள், இப்படி நீளமாக விடை எழுதும் என்னைப் போன்றவர்கள் அனைவருக்கும் அந்த உவமை கொஞ்சம் சுடும். திருச்சபை விசுவாசம் என்று சொல்வது சரியான விடையைத் தெரிந்துவைத்திருப்பதை மட்டுமன்று. தெரிந்த திசையில் எழுந்து நடப்பதையும் சேர்த்துத்தான்.

விண்மீன் எது என்ற கேள்வியும் எழும். கி.மு. 7இல் வியாழனும் சனியும் வானில் அருகருகே தோன்றியதை வானியலறிஞர் கெப்ளர் கணக்கிட்டு, அதனோடு இந்த விண்மீனைத் தொடர்புபடுத்தினார். வால்மீன் என்றவர்களும் உண்டு. திருச்சபை இவற்றுள் எதையும் விசுவாசக் கோட்பாடாக்கவில்லை. மத்தேயுவின் யூத வாசகர்களுக்கு வானியலைவிட எண்ணிக்கை நூலின் 24ஆம் அதிகாரம்தான் முதலில் நினைவுக்கு வந்திருக்கும். யாக்கோபிலிருந்து விண்மீன் ஒன்று உதிக்கும் என்று அங்கே அறிவிக்கும் பிலயாமும் இஸ்ரயேலன் அல்லன், கிழக்கிலிருந்து வரவழைக்கப்பட்டவன்.

இந்த விழாவின் மையத்தில் இருக்கும் கோட்பாட்டை அன்றைய திருப்பலியின் இரண்டாம் வாசகம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. பிற இனத்தாரும் உடனுரிமையாளர்கள், ஒரே உடலின் உறுப்பினர்கள், வாக்குறுதியின் பங்காளிகள் என்பதே முந்தைய தலைமுறைகளுக்கு மறைந்திருந்து இப்போது வெளிப்பட்ட மறைபொருள் என்கிறது எபேசியர் திருமுகம். நாம் ஏறத்தாழ அனைவரும் அந்தப் ‘பிற இனத்தார்’ வழியில் வந்தவர்கள்தாம் என்பதை மறந்துவிடுகிறோம். ஞானிகளைப் பிற இனத்தாருள் முதற்கனிகள் என்று திருச்சபைத் தந்தையர் அழைத்தார்கள். அதாவது அந்த வீட்டு வாசலில் முதன்முதல் நுழைந்தது நம் வரிசை. வட ஆப்பிரிக்காவில் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன தொனாத்துக் குழுவினர் இந்த விழாவைக் கத்தோலிக்கரோடு கொண்டாட மறுத்தார்கள் என்றும், ஒற்றுமையை விரும்பாதவர்கள் மக்களினங்களின் ஒற்றுமைக்குரிய விழாவை விரும்பாததில் வியப்பில்லை என்றும் அகுஸ்தினார் கூறினார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருச்சபையைப் பற்றிய கோட்பாட்டு விளக்கத்தை ‘மக்களினங்களின் ஒளி கிறிஸ்துவே’ என்று தொடங்கியபோது, இந்த விழாவின் குரலில்தான் பேசியது.

மத்தேயு நற்செய்தி முழுவதற்கும் இந்தப் பகுதி திறவுகோலாக இருக்கிறது. ‘யூதர்களின் அரசர்’ என்று இயேசுவை முதலில் அழைப்பவர்கள் இந்த ஞானிகள். அதன்பின் அந்தப் பட்டம் பிலாத்துவின் விசாரணையிலும், முள்முடி சூட்டிய படைவீரரின் ஏளனத்திலும், சிலுவைக்கு மேலே வைத்த குற்ற அறிக்கையிலும்தான் திரும்ப வருகிறது. குழந்தையைத் தேடிவந்தவர்கள் சொன்ன சொல் கழுமரத்தில் எழுதப்படுகிறது. எல்லா மக்களினத்தாரையும் சீடராக்குங்கள் என்ற இறுதிக் கட்டளையோ, கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு எதிர்வரவாக மேற்கும் தெற்குமாய்ப் புறப்படச் சொல்கிறது.

செபத்துக்கு இந்த விழா தருவது என்ன? நற்செய்தியில் ஞானிகள் பேசுவது ஒரே ஒரு முறை; “அவர் எங்கே?” என்று கேட்டு, அவரை வணங்க வந்திருக்கிறோம் என்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்தபின் ஒரு சொல்லும் இல்லை. குழந்தையைத் தாய் மரியாவோடு காண்கிறார்கள், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குகிறார்கள், பேழைகளைத் திறக்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்தவர்கள் தங்களுக்கென்று எதையும் கேட்கவில்லை. நம் செபங்களில் பெரும்பகுதி விண்ணப்பமாகவே இருப்பதை நினைத்தால் இந்த மௌனம் உறைக்கும். விண்ணப்பம் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆண்டவரே கற்றுத்தந்த செபத்தில் அன்றாட உணவுக்கான வேண்டுதல் இருக்கிறது. ஆனால் அந்தச் செபமும் தந்தையின் பெயர் தூயதெனப் போற்றப்படுவதில்தான் தொடங்குகிறது. கடவுளுக்கு மட்டுமே உரிய வழிபாட்டைத் திருச்சபை ஆராதனை என்று பிரித்துச் சொல்கிறது. ‘வணக்கம்’ என்ற நம் சொல் எதிரில் வருபவருக்கும் பொருந்தும், ஆண்டவருக்கும் பொருந்தும்; மண்ணில் முகம்பட விழும் அந்த உடல்தான் இங்கே எந்த வணக்கம் என்பதைத் தெளிவாக்குகிறது. ‘நானும் சென்று வணங்குவேன்’ என்று ஏரோதும் அதே சொல்லைச் சொன்னான் என்பதையும் மறக்கலாகாது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்துக்குப் பின் வந்த திருத்தத்துக்கு முந்தைய திருப்பலி முறையில், நற்செய்தி வாசிப்பு இந்த இடத்தை அடையும்போது குருவும் மக்களும் முழங்காலிடும் வழக்கம் இருந்தது. நற்கருணைப் பேழையின் முன் மௌனமாக முழங்காலிடுபவர் இன்றும் செய்வது அதைத்தான்.

திருப்பலியின் தொடக்கத்தில் குரு சொல்லும் அந்நாளைய திருக்குழும மன்றாட்டை மெதுவாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். விண்மீனின் வழிகாட்டுதலால் உம் ஒரே மகனை மக்களினங்களுக்கு வெளிப்படுத்திய இறைவா, விசுவாசத்தால் உம்மை ஏற்கெனவே அறிந்திருக்கும் நாங்கள் உமது உன்னத மாட்சியின் அழகை நேரில் காணும்வரை எங்களை இரக்கத்தோடு நடத்தியருளும் என்பது அதன் கருத்து. ஞானிகளுக்கு விண்மீன் எதுவோ, நமக்கு விசுவாசம் அது. விண்மீனே போய்ச்சேரும் இடம் அல்ல. விசுவாசமும் அப்படியே, நேருக்கு நேர் காண்பதில்தான் அது முடிகிறது. செபத்தில் வெளிச்சமே தெரியாத நாள்களைப் பற்றி வருந்துபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: எருசலேமை விட்டுப் புறப்பட்டபின் விண்மீனைக் கண்டு ஞானிகள் மட்டில்லாப் பெருமகிழ்ச்சி அடைந்தார்கள் என்கிறது நற்செய்தி. இடையில் அது கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது என்றே பலரும் இதற்கு விளக்கம் சொல்வார்கள். தெரியாமல் போன வேளையிலும் அவர்கள் தேடுவதை நிறுத்தாமல் விசாரித்தார்கள்.

காணிக்கைகளைப் பற்றி எல்லாரும் அறிந்த விளக்கம் 2ஆம் நூற்றாண்டிலேயே புனித இரனேயுவின் எழுத்தில் இருக்கிறது: அரசருக்குப் பொன், கடவுளுக்குச் சாம்பிராணி, சாகவிருக்கும் மனிதருக்கு வெள்ளைப்போளம். அதிகம் கவனிக்கப்படாத ஒன்றைச் சேர்க்கிறேன். அன்றைய முதல் வாசகத்தில் எசாயா பொன்னையும் நறுமணப் பொருளையும் மட்டும்தான் சொல்கிறார். வெள்ளைப்போளம் அதில் இல்லை. மத்தேயு நற்செய்தியில் மட்டும் அந்த மூன்றாவது பொருள் வந்து சேர்கிறது. சிலுவையடியில் இயேசுவுக்கு வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தைக் கொடுத்தார்கள் என்று மாற்கும், அடக்கத்துக்காக நிக்கதேம் வெள்ளைப்போளமும் அகிற்தூளும் கொண்டுவந்தார் என்று யோவானும் எழுதுகிறார்கள். எசாயா கண்ட ஒளிமயமான ஊர்வலத்துக்குள் அடக்கச் சடங்கின் மணம் அப்போதே நுழைந்துவிட்டது.

வழிபாட்டைப் பொறுத்தவரை இந்த விழாவின் உச்சம், என் கணிப்பில், காணிக்கைமீது சொல்லப்படும் மன்றாட்டு. உம் திருச்சபையின் காணிக்கையைக் கனிவுடன் பாரும். இதில் நாங்கள் ஒப்புக்கொடுப்பது பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் அல்ல, அவற்றால் எவர் குறிக்கப்பட்டாரோ, எவர் பலியாகிறாரோ, எவர் உணவாகிறாரோ, அந்த இயேசு கிறிஸ்துவையே என்று அது சொல்கிறது. ஞானிகள் கொடுக்க வந்தார்கள், குழந்தை பெற்றுக்கொண்டது. திருப்பலியில் திசை திரும்புகிறது: அப்பமும் இரசமும் கொண்டுவருகிறோம், அவர் தம்மையே காணிக்கையாக்கித் தந்தைக்கு ஒப்புக்கொடுத்து, நமக்கு உணவாகவும் திருப்பித் தருகிறார். அவர்களிடம் இருந்த பொன் நம்மிடம் இல்லை என்று யாரும் கூச வேண்டியதில்லை. அவர்களிடம் இல்லாத காணிக்கை நம் பீடத்தில் இருக்கிறது.

நாள்பற்றிய ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உரோமை நாள்காட்டியில் திருக்காட்சி சனவரி 6. திருச்சபைச் சட்டத்தின் 1246ஆம் பிரிவு இதைக் கடன்திருநாள்களுள் (திருப்பலியில் பங்கேற்கும் கடமையுள்ள நாள்களுள்) ஒன்றாக வைக்கிறது. அது கடன்திருநாளாக இல்லாத இடங்களில் சனவரி 2 முதல் 8 வரை உள்ள நாள்களில் வரும் ஞாயிறன்று கொண்டாடப்படும். விழாவை எட்டு நாள் நீட்டிக் கொண்டாடும் முன்பிருந்த எண்கிழமை 1955இல் நீக்கப்பட்டது. மூன்று ஆண்டுச் சுழற்சியிலும் வாசகங்கள் மாறுவதில்லை.

அன்று நற்செய்திக்குப் பின் உயிர்ப்புப் பெருவிழாவின் தேதியைப் பாடலாக அறிவிக்கும் மரபு ஒன்று உண்டு. பல கோவில்களில் இது விடுபட்டுப்போவது எனக்கு வருத்தம். அச்சிட்ட நாள்காட்டி இல்லாத காலத்தில் அலெக்சாந்திரியாவின் ஆயர்கள் பாஸ்கா எனும் உயிர்ப்பு விழா நாளைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் மடல் எழுதி அறிவித்தார்கள். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் வரிசையிட்ட, அந்த ஆயர்களுள் ஒருவரான அத்தனாசியாரின் புகழ்பெற்ற மடல், 367ஆம் ஆண்டுக்கான அத்தகைய பாஸ்கா மடல்தான். கைபேசியில் தேதி இருக்கும்போது இந்த அறிவிப்பு எதற்கு என்று கேட்கலாம். ஆண்டவரின் பிறப்பில் மகிழ்ந்த நாம் அவருடைய உயிர்ப்பின் மகிழ்ச்சியையும் உங்களுக்கு அறிவிக்கிறோம் என்று அது பாடும்போது, குடிலின் முன் நிற்கும் மக்களுக்குக் கல்லறையின் வாசல் காட்டப்படுகிறது. வெள்ளைப்போளம் சொன்னதை நாள்காட்டியும் சொல்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம் என்றால், அன்று வீட்டை மந்திரிக்கும் மரபு திருச்சபையில் உண்டு. மந்திரித்த சுண்ணக்கட்டியால் கதவு நிலையில் அந்த ஆண்டின் எண்களுக்கு நடுவே சி, எம், பி என்ற இலத்தீன் எழுத்துகளைச் சிலுவைக் குறிகளோடு எழுதுவார்கள். அவை மூவரின் பெயர்களுக்கு முதலெழுத்துகள் என்பார்கள்; ‘கிறிஸ்து இந்த இல்லத்தை ஆசீர்வதிப்பாராக’ என்ற இலத்தீன் மன்றாட்டின் முதலெழுத்துகளாகவும் அவற்றை வாசிப்பதுண்டு. ஞானிகள் நுழைந்தது தொழுவத்துக்குள் என்று மத்தேயு எழுதவில்லை, ‘வீட்டிற்குள்’ என்றே எழுதுகிறார். ஆகவே மத்தேயு 2ஆம் அதிகாரத்தின் முதல் 12 வசனங்களை அன்று மாலை வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க, 11ஆம் வசனம் வந்ததும் எல்லாரும் முழங்காலிட்டு, எதுவும் கேட்காமல் சிறிது நேரம் இருந்துவிட்டு, அதன்பின் நிலையில் எழுதுவது பொருத்தமாக இருக்கும்.